விழுந்தால் கத்தாத சித்தி

முதல் வாரத்தில் மட்டும் சித்தி நாற்பது தடவையாவது செத்திருப்பாள். அந்த விளையாட்டில் விழுவது பெரிய விஷயமில்லை. கூட ஆடும் மூவரில் ஒருவர் ஓடிவந்து தூக்கிவிட்டால் எழுந்துகொள்ளலாம். ஆனால் விழுந்தவர் கத்தவேண்டும். சித்தி கத்தமாட்டாள்.

எனக்கு அப்போது பத்து வயது. தாராவியில் எங்கள் வீடு மாடியில், கீழே சித்தப்பாவின் பெல்ட் பட்டறை. சித்தி தென்காசிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்து மூன்று மாதம். ஊரில் ரத்தப் பரிசோதனைக்குப் படித்தவள். இந்தி ஒரு வார்த்தை தெரியாது. ஒருநாள் மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “ஏட்டி, அந்த ஜோம்பி விளையாட்டை எனக்கும் சொல்லித் தா” என்றாள்.

நால்வர் அணி. நானும், எதிர்வீட்டு அண்ணன் தம்பி இருவரும் ஏற்கெனவே இருந்தோம். அவரவர் வீட்டில் இருந்தபடி போனில் பேசிக்கொண்டே ஆடுவோம், எல்லாம் இந்தியில்தான். செத்தவர்கள் எழுந்து திரியும் ஒரு நகரத்தைக் கடந்து துறைமுகத்துப் படகைப் பிடிக்கவேண்டும்.

பெரியவள் ஒருத்திக்குச் சொல்லிக்கொடுக்கும் பெருமை எனக்குத் தாங்கவில்லை. கண்டதையெல்லாம் சுடாதீய, சத்தம் கேட்டு இன்னும் பத்து வரும். முதுகைச் சுவரோட வச்சுக்கிடுங்க. தனியா முன்னால ஓடாதீய. மருந்துப்பெட்டி கிடைத்தால் யாருக்கு ரத்தம் குறைவோ அவருக்கு. சித்தி வாய்ப்பாடு மாதிரி எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னாள். கை நடுங்காது. இரண்டே நாளில் எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சுட்டாள். விழுந்தால் மட்டும், உதட்டைக் கடித்துக்கொண்டு திரை கறுப்பாகும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

எதிர்வீட்டுப் பெரியவனுக்குப் பொறுமை போய்விட்டது. “தேரி சாச்சி கூங்கி ஹை க்யா?” என்றான்.

“என்னட்டி சொல்லுதான்?”

“நீங்க நல்லா சுடுதீயளாம்.”

“பொய் சொல்லாத. ஊமையான்னு கேக்கான். அதானே?”

சித்தி போனைக் கீழே வைத்தாள். “தூக்கிவிடுன்னு எப்படிச் சொல்லணும்?” என்றாள்.

“மேரேகோ உட்டாவ்.”

அன்று முழுக்க அரிசி களையும்போதும் துணி பிழியும்போதும் அதையே முணுமுணுத்தாள். ஞாயிற்றுக்கிழமை முதல் தடவையாகத் துறைமுகம்வரை போனோம். படகு கிளம்ப அரை நிமிடம் இருக்கும்போது பின்னால் சித்தி விழுந்தாள். வழக்கம்போல் விட்டுவிட்டு ஓடினோம்.

“மேரேகோ உட்டாவ்!”

கீழே பட்டறையில் தோல் வெட்டுகிறவர்கள் வேலையை நிறுத்திவிட்டார்கள். அம்மா கரண்டியோடு ஓடிவந்தாள். எதிர்வீட்டுப் பையன்கள் இருவரும் திரும்பிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் நானும் திரும்பினேன். சித்தியைத் தூக்குவதற்குள் படகு போய்விட்டது. நால்வரும் செத்தோம்.

பையன்கள் விழுந்து விழுந்து சிரித்து, “சாச்சி, ஏக் தம் மஸ்த்!” என்று பாராட்டினார்கள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் மூன்று பேர் பிழைத்திருப்போம்.

அதற்குப் பிறகு சித்தியை நிறுத்த முடியவில்லை. தப்பும் தவறுமாக ஆட்டம் முழுக்கப் பேசினாள். பையன்கள் திருத்தினால் அதையே மறுபடி சொன்னாள். ஆட்டம் முடிந்ததும் என்னைப் பிடித்துக்கொள்வாள்.

“பெரியவங்ககிட்ட உட்டாவ்னு சொல்லலாமா? மரியாதையா எப்படி?”

“உட்டாயியே.”

“கையை நீட்டுங்க, பயப்படாதீங்க. இதுக்கு?”

“ஜோம்பிகிட்டயா சொல்லப் போறீய?”

“நீ சொல்லுட்டி.”

சொன்னேன். மூன்றாம் வாரம் நால்வரும் படகில் ஏறினோம். சித்தி என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

மறுநாள் காலை இஸ்திரி போட்ட சுடிதாரில், கையில் ஒரு ஃபைலோடு செம்பூருக்குப் போனாள். அங்கே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்துவிட்டது. விடியும் முன்பே கிளம்பினால் மாலையில்தான் வருவாள். போனை நீட்டினால், “நாளைக்கு ஆடுவோம் மக்களே” என்று சொல்லி அப்படியே தூங்கிப்போவாள்.

எங்களோடு ஆட வருவதற்கு முன்பே அதே இடத்துக்கு அவள் ஒருமுறை போயிருந்ததை அம்மா பல வருடம் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். இந்தியில் மூன்று கேள்வி கேட்டார்களாம். மூன்றுக்கும் பேசாமல் நின்றிருக்கிறாள். ஸ்டேஷனுக்கு வழி கேட்கவும் வாய் வராமல் செம்பூரிலிருந்து தாராவிவரை நடந்தே வந்திருக்கிறாள்.

அன்று எனக்கு அதெல்லாம் தெரியாது. அணியில் ஓர் ஆள் குறைந்ததுதான் தெரிந்தது. சாச்சி எங்கே என்று எதிர்வீட்டுப் பையன்கள் கேட்டார்கள். அடுத்த கட்டத்தில் வரும் பெரிய ஜோம்பிக்குப் பயந்து ஓடிவிட்டாள் என்று சொன்னேன்.