பெரிய பிக்கப்பும் ஒரு கூட்டல் கணக்கும்

எமது கல்லூரியின் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒஸ்லோவில் சொந்தமாக ஒரு சமையல் ட்ரெயிலர் உண்டு. உள்ளே கொத்துரொட்டி போடும் இரும்புத் தட்டும் எரிவாயு அடுப்பும் இருக்கும். வெளியே கல்லூரியின் பெயரும் இலச்சினையும் பொறிக்கப்பட்டிருக்கும். எல்லாக் கல்லூரிகளின் பழைய மாணவர்களும் ஜூன் மாதத்தில் கூடும் விளையாட்டு விழாவுக்கு அது ஆண்டுதோறும் போயாக வேண்டும். அதைத் தமது வான் வண்டியில் பூட்டி இழுத்துச் சென்றுவந்த அங்கத்தவர் வேலை மாறிப் பேர்கன் நகருக்குப் போய்விட்டார். இனி யார் இழுப்பது என்ற கேள்வி ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்தபோது மண்டபத்தில் ஆளாளுக்குக் கைத்தொலைபேசியைப் பார்த்தார்கள். தலைவர் என்ற முறையில் நான் எழுந்து நின்றேன்.

"நான் ஒரு பெரிய பிக்கப் வாங்க இருக்கிறேன். இந்த வருடம் எமது ட்ரெயிலரை எனது வாகனம் இழுக்கும். நானே ஓட்டுவேன்."

கைதட்டல் நீண்டது. உண்மையைச் சொல்வதானால், எழுந்து நிற்கும் வரையில் அப்படியோர் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆயினும் சபையில் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கும் வழக்கம் எனக்கில்லை.

வீட்டில் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"பிக்கப்போ? எழுபது வயசு வரப்போகுது, இப்ப ஏன் உங்களுக்கு லொறி?"

"லொறி இல்லை, பிக்கப்."

"எவ்வளவு நீட்டு? கீழை கராஜுக்கை நிக்குமோ?"

கேள்வி நியாயமானது. ஸ்டோவ்னரில் எமது அடுக்குமாடியின் கீழுள்ள கராஜில் எனக்குரிய இடத்தை அளவுநாடாவால் அளந்தேன். நான் நினைத்திருந்த வண்டி அங்கே நின்றால் அதன் மூக்கு நடைபாதைக்குள் ஒரு மீற்றர் நீட்டிக்கொண்டிருக்கும். வெளியே திறந்த தரிப்பிடம் ஒன்றுக்கு விண்ணப்பித்தேன்.

அதன்பின் மூன்று வாரம் முறையாக ஆராய்ந்தேன். திறந்த பின்தட்டின் நீளம், ஏற்றக்கூடிய சுமை, இழுவைத் திறன், ட்ரெயிலரை மாட்டும் கொளுவியின் மீது தாங்கும் பாரம் என்று கொப்பியில் கோடு போட்டுப் பதிந்தேன். விழாவுக்குக் கூடாரம், கதிரைகள், அரிசி மூட்டை, வெங்காயம் எல்லாம் கொண்டுபோக ஒவ்வொரு வருடமும் மூன்று கார்கள் தேவைப்பட்டன. பெரிய பின்தட்டு ஒன்று இருந்தால் யாவும் ஒரே தடவையில் போய்விடும். இழுவையைப் பொறுத்தவரை, நான் தெரிந்தெடுத்த கருநீல வண்டி எமது ட்ரெயிலரைப் போல இரண்டை இழுக்க வல்லது. இதைவிட என்ன வேண்டும்?

விற்பனை நிலையத்துக்கு மனைவியுடன் சென்றேன். விற்பனையாளர் அமைதியான நோர்வேக்காரர். கொப்பியைக் காட்டினேன். ஒவ்வொரு பக்கமாகப் பார்த்துப் பாராட்டினார். கடைசியில், உங்களிடம் எந்த வகுப்புச் சாரதி அனுமதிப்பத்திரம் இருக்கிறது என்று கேட்டார். சாதாரண பி வகுப்பு என்றேன். அவர் ஒரு கடதாசியில் இரண்டு எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த நிறை மூவாயிரத்து இருநூறு கிலோ. ட்ரெயிலரினது ஆயிரத்து நானூறு. கூட்டினால் நாலாயிரத்து அறுநூறு. என் அனுமதிப்பத்திரத்துடன் இப்படியொரு ட்ரெயிலரை இழுப்பதானால் இரண்டும் சேர்ந்து மூவாயிரத்து ஐந்நூறைத் தாண்டக்கூடாது.

வண்டி பலமானதாக இருக்க இருக்க அதுவே அந்த எல்லையை விழுங்கிவிடுகிறது. நாங்கள் மாற்றிக் கொடுக்கக் கொண்டுபோயிருந்த நிறை குறைந்த எமது பழைய கார், ஒரு கொளுவி பூட்டியிருந்தால், சட்டப்படி அதே ட்ரெயிலரை இழுத்திருக்கும்! இதையும் அவர்தான் கூட்டிக் காட்டினார்.

"பி.எஸ்சி. கணிதம் எண்டல்லோ கலியாணப் பேச்சில சொன்னவை" என்றார் மனைவி, தமிழில்.

பழைய காருக்குக் கொளுவி பூட்டிக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆனால் கதிரைகளும் கூடாரமும் அதில் ஏறா. நான் பொதுக்கூட்டத்தில் சொன்னதும் அதுவன்று. அனுமதியின்றி இழுப்பதோ நினைக்கவும் கூடாத காரியம். கல்லூரியின் பெயர் எழுதிய ட்ரெயிலரைப் பொலிஸ் மறித்தால் அந்த அவமானம் என்னோடு முடியாது. கனமான ட்ரெயிலருக்குரிய பி.இ. வகுப்புக்குப் பயிற்சி எடுத்துச் சோதனையில் சித்தியடைவது ஒன்றே வழி. விழாவுக்கு ஏழு வாரம் இருந்தது. வண்டியை வாங்கக் கையொப்பமிட்டேன். அந்த முடிவை இன்றும் நியாயப்படுத்துவேன்.

சாரதிப் பாடசாலையின் கட்டாய வகுப்புகள் போதவில்லை. பின்னுக்கு எடுக்கும்போது ட்ரெயிலர் மடிந்து, பக்கவாட்டில் வந்து நின்று என்னைப் பார்த்தது. சொந்த வண்டியில் பழகுவதற்கு, அந்த அனுமதிப்பத்திரத்தைப் பல வருடங்களாக வைத்திருக்கும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்தவர்களில் அப்படி ஒருவர்தான் இருந்தார்: மனைவியின் தம்பி. வடகோடியிலுள்ள ஹம்மர்பெஸ்ட் வரை போய் மீன் ஏற்றிவரும் பாரவூர்திச் சாரதி. ஆனால் அவர் படித்தது எதிர்க் கல்லூரியில். கிரிக்கெட் தொடங்கிப் பரிசளிப்பு விழா வரை அரை நூற்றாண்டாக நான் எதையும் விட்டுக்கொடுக்காத கல்லூரி அது.

விடயத்தைச் சொன்னதும் அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

"உங்கட கொலிஜ்ஜில பெருக்கல் மட்டும்தான் படிப்பிச்சவையோ அத்தான்? கூட்டல் இல்லையோ?"

"பழக்குவீரோ, மாட்டீரோ?"

"பழக்கிறன். ஒருத்தரிட்டையும் மூச்சு விடமாட்டன். ஆனா நீங்கள் பாஸ் பண்ணினா, விழாவில மைக்கைப் பிடிச்சு ஆர் பழக்கினது, எந்தக் கொலிஜ் எண்டு சொல்லோணும்."

 நான் யோசித்து முடிப்பதற்குள் மனைவி என் சார்பில் சம்மதம் சொல்லிவிட்டார்.

ஞாயிறு காலைகளில் அல்னாபுருவில் அவர் வேலை செய்யும் களஞ்சியத்தின் வெறும் முற்றத்தில், 'எல்' பலகையுடன் பழகினேன். சாமான் ஏற்றும் மரத் தட்டுகளை அடுக்கி வழி அமைத்துவிட்டு அவர் என் பக்கத்தில் ஏறியிருந்து கத்துவார்.

"கண்ணாடியைப் பாருங்கோ அத்தான், என்ர முகத்தை இல்லை! ஸ்டியறிங்கின்ர அடியைப் பிடியுங்கோ. ட்ரெயிலர் எந்தப் பக்கம் போகோணுமோ, அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோங்கோ. மெல்ல! இது என்ன, கொத்துரொட்டி கொத்துறியளோ?"

முதல் ஞாயிறு நான்கு மரத் தட்டுகள் நொறுங்கின. ஐந்தாம் ஞாயிறு ஒன்றுகூட அசையவில்லை. அன்று அவர் பிளாஸ்கிலிருந்து எனக்குத் தேநீர் ஊற்றித் தந்தார்.

விழாவுக்குப் பத்து நாள் முன்னர் சோதனை நடந்தது. பரிசோதகர் அதிகம் பேசாத பெண்மணி. சந்தியொன்றில் வளைந்து பின்னுக்கு எடுக்கச் சொன்னார். எடுத்தேன்.  சித்தி என்று கைகொடுத்தார்.

விழாவன்று காலை பின்தட்டு நிறையக் கதிரைகளும் மூட்டைகளும், பின்னால் ட்ரெயிலருமாக மைதானத்துக்குள் நுழைந்தேன். இரு கூடாரங்களுக்கு இடையே விடப்பட்டிருந்த ஒடுங்கிய இடத்தில், ஒரே எடுப்பில், நேராகக் கொண்டுபோய் நிறுத்தினேன். எமது அங்கத்தவர்கள் விசிலடித்தார்கள்.

எதிர்க் கல்லூரியின் கூடாரத்தில் மச்சான் கைகளைக் கட்டிக்கொண்டு இருந்தார். எனக்கு ஒன்றும் நினைவூட்டவில்லை. நான் பேசாமல் விட்டிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. ஒன்றிரண்டு நிமிடம், ஒப்புக்கொள்கிறேன், அந்த எண்ணம் என்னிடம் இருந்தது.

"என்ன, சொல்லப் போறியளோ, இல்லையோ?" என்றார் மனைவி, வெங்காயம் உரித்தபடி.

வரவேற்புரையின் முடிவில் ஒலிவாங்கியில் யாவையும் சொன்னேன். கூட்ட மறந்த கணக்கு, சாரதிச் சோதனை, எனக்குப் பழக்கியவர், அவர் படித்த கல்லூரி. அந்தக் கல்லூரியின் பெயரை என் வாயால் பாராட்டிச் சொன்னது அதுவே முதல் தடவை. அவர்களுடைய கூடாரத்திலிருந்து எழுந்த கூச்சலில் தொடக்க ஓட்டத்துக்கு நின்றவர்கள் விசில் ஊதுமுன்னரே ஓடிவிட்டார்கள். எமது பக்கமிருந்தும் சிரிப்பு வந்தது. நான் எதிர்பார்த்த சிரிப்பன்று. முதுகில் தட்டும் வகையானது. சற்று நேரத்தில் எதிர்க் கல்லூரிக்காரர் கூட்டமாக எமது ட்ரெயிலருக்கு முன்னால் கொத்துக்கு வரிசையில் நின்றார்கள்.

மச்சான் தட்டும் கையுமாக என்னிடம் வந்தார்.

"அத்தான், எங்கட ஆக்களும் ஒரு ட்ரெயிலர் வாங்கப் போயினம். வாற வருசம் அதையும் நீங்கள்தான் இழுக்கோணுமாம். நான் அந்த நேரம் ஹம்மர்பெஸ்ட்டில நிப்பன்."

நான் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டேன்.

"உங்கட சங்கத்தின்ர கடிதத்தாளில எழுதித் தாரும். ட்ரெயிலரின்ர மொத்த நிறையை மறக்காமல் போடும்."