சுண்ணாம்புக் கோடு

கொல்லிமலையில் செல்போன் எடுக்காத காலம் அது. அரியூர் நாட்டில், காட்டை ஒட்டிய ஒரு மிளகுத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கக் குடில்கள் கட்ட நினைத்தோம். வரைபடம் போடுவது என் வேலை. ஒரு மரத்தைக்கூட வெட்டக் கூடாது என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டு, பார்ப்பவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டிருந்தேன்.

அதனால், பலா மரங்களுக்கு நடுவே வெறுமையாகக் கிடந்த அந்த இடத்தைப் பார்த்ததும் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். முதல் குடில் அங்கேதான். ஆனால் சுற்றிலும் கணுக்கால் புதைய இலை கிடக்க, அங்கே மட்டும் ஒரு சருகு இல்லை. மாலையில் காற்றடித்து இலைகள் உதிர்ந்தன. மறுநாள் காலையில் பார்த்தால் தரை மறுபடியும் சுத்தமாக இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

சுண்ணாம்புத் தூளால் தரையில் குடிலின் அளவுக்குக் கோடு போட்டேன். விடிந்ததும் ஒரு பக்கக் கோட்டைக் காணோம். திரும்பப் போட்டேன், திரும்பவும் அதே பக்கம்தான் அழிந்தது. மழையென்றால் எல்லாமே அல்லவா கரைந்திருக்கும்? யாரோ வேண்டுமென்றே வம்பு செய்கிறார்கள் என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கையும் களவுமாகப் பிடிக்க ஒருநாள் விடிகாலையிலேயே போனேன்.

பனிமூட்டத்தில் எதிரே இருந்த மரமே தெரியவில்லை. சர்ர், சர்ர் என்று பெருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இடையிடையே ஒரு பெண் குரல், யார் பேசுவதையோ கேட்டுக்கொண்டிருப்பதுபோல் ‘ம்’ கொட்டியது. என் கோபமெல்லாம் போன இடம் தெரியவில்லை. 

பனி விலகியபோது, சீமாறும் கையுமாக நின்றது நிலத்துக்காரரின் மனைவி. கூட யாரும் இல்லை.

“கோட்டை அழிச்சது நீங்களா?” என்று கேட்டேன்.

“ஆமாங்க சார். சுண்ணாம்பு சுடுமுங்க. புள்ள மேல பட்டுதுன்னா தாங்க மாட்டான்.”

அவள் காட்டிய இடத்தில் மேடுகூட இல்லை. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத பிள்ளையாம், அங்கேதான் புதைத்திருக்கிறார்கள். குத்தகை பேசிய கணவர் எங்களிடம் அதைச் சொல்லவே இல்லை.

குடிலை வேறு இடத்துக்கு மாற்றிவிடுகிறேன் என்றேன். ஒரு பலா மரத்தை வெட்ட வேண்டி வந்தாலும் பரவாயில்லை, அந்த இடத்தை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

அவள் பதறிப்போனாள். “மாத்தீராதீங்க. தரையில படாம, கல்லுத் தூணு மேல ஊடு நிக்குமுன்னு சொன்னாங்க. நெசந்தானுங்களா?”

“ஆமாங்க.”

“அப்ப இந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க. இத்தன வருசமா மழையில நனையறானுங்க.”

அன்றே வரைபடத்தைத் திருத்தினேன். தூண் எதுவும் அவன் மேல் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.