ஆரோக்கியம் கல்யாணத்துக்குக் கிளம்பிய கார்

போன வாரம் ராயக்கோட்டை சாலையில் ஒரு பழைய கார் பானட்டைத் திறந்துகொண்டு நின்றது. கறுப்புக் கண்ணாடியும் தொப்பியுமாக அதன் சொந்தக்காரர் போனில் மெக்கானிக்கைத் திட்டிக்கொண்டிருந்தார். மொட்டை வெயில். சூடேறிய பெட்ரோல் வாசனை மூக்கில் ஏறியதும் என் கால் தானாக பிரேக்கை மிதித்துவிட்டது. “ஈரத்துணி போடுங்க சார்” என்றேன். அவர் பார்த்த பார்வை இருக்கிறதே! மரியாதையாக என் வழியைப் பார்த்துக்கொண்டு போய்விட்டேன்.

அவருக்கு என்ன தெரியும்? எனக்கு அது ஆரோக்கியசாமியின் கல்யாண வாசனை.

அப்போது ஓசூரில் ஒரு கம்பெனியின் லேத் பிரிவில் எங்களுக்கு வேலை. ஆரோக்கியமும் நானும் ஒரே ஷிஃப்ட், ஒரே அறை, ஒரே குண்டான் சோறு. அவனுக்கு அஞ்செட்டிப் பக்கம் பெண். நான்தான் மாப்பிள்ளைத் தோழன், மாதா கோயிலில் அவன் பக்கத்தில் நிற்க வேண்டியவன். உச்சிவேளைக்குள் போய்ச் சேர வேண்டும், அதற்குமேல் ஃபாதர் வேறு ஊர்ப் பூசைக்குப் போய்விடுவார். பேசாமல் பஸ்ஸில் போயிருக்கலாம். கூட வேலை பார்த்த நாராயணப்பா, மாப்பிள்ளையைப் பஸ்ஸிலா அனுப்புவது என்று தன் காரைக் கொண்டுவந்துவிட்டார். வீட்டில் தெலுங்கு, எங்களோடு தமிழ், காரைத் திட்ட மட்டும் கன்னடம் என்று வைத்திருந்த மனிதர்.

தேன்கனிக்கோட்டை தாண்டி ஏற்றத்தில் கார் இருமிக்கொண்டே நின்றது. நாராயணப்பா கன்னடத்தை முடித்துக்கொண்டு எங்களிடம் திரும்பினார்.

“சூட்டுல பெட்ரோல் ஆவியாப் போச்சு. பம்ப்பு மேல ஈரத்துணி போட்டுட்டு சும்மா உக்காருங்க. ஆறினா தானா கெளம்பும்.”

ஆரோக்கியம் தன் ஜரிகைத் துண்டையே நனைத்துக் கொடுத்தான். ஆனால் சும்மா உட்காருவதா? மெஷின் நின்றால் உடனே எதையாவது கழற்ற வேண்டும், கையைக் கட்டிக்கொண்டு நின்றால் சூப்பர்வைசர் தொலைத்துவிடுவார். அப்படியே பழகிய ஜென்மங்கள் நாங்கள். துண்டு காய்வதற்குள் சொன்னவரே ஸ்பானரோடு வந்தார். கார்பரேட்டரைப் பிரித்தோம். உள்ளே ஜெட் என்று மிளகைவிடக் கொஞ்சம் பெரிய பித்தளைத் துண்டு. அதன் துளை வழியாகத்தான் எஞ்சினுக்குப் பெட்ரோல் போகும். ஊதிச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று வாங்கினேன். கை நழுவியது.

மூன்று பேரும் மண்ணில் முட்டி போட்டுத் தேடினோம், மாப்பிள்ளை வெள்ளைப் பேண்ட்டோடு. அந்த நேரம் பார்த்து அஞ்செட்டி பஸ் வந்தது. அதை விட்டால் சாயங்காலம்தான். படியில் ஒருவருக்குத்தான் இடம் என்றார் கண்டக்டர். ஆரோக்கியம் ஏற மாட்டேன் என்றான்.

“நீ இல்லாம அங்க நான் யாரோட போயி நிக்கறது?”

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். பிடித்துத் தள்ளி ஏற்றினேன்.

ஜெட் என் பேண்ட் மடிப்பில் இருந்தது. அதற்குள் எஞ்சினும் ஆறியிருந்ததால், பூட்டியதும் கார் சமர்த்தாகக் கிளம்பியது. நாங்கள் போனபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. ஃபாதர் திட்டிக்கொண்டே தாலி எடுத்துக் கொடுத்தாராம், என் இடத்தில் பெண்ணின் மாமன் நின்றாராம். ஆரோக்கியம் முட்டியில் மண்ணோடு வாசலில் காத்திருந்தான். நாங்கள் வந்த பிறகுதான் பெண்ணோடு இலையில் உட்கார்ந்தான்.

நாராயணப்பா இப்போது இல்லை. கார் பழைய இரும்புக்குப் போய்விட்டது. அந்த ஏற்றத்தில் இப்போது எந்தக் காரும் நிற்பதில்லை.

போன தை மாதம் ஆரோக்கியத்தின் மகளுக்கு ஓசூரில் கல்யாணம். ஏசி காரில் நேரத்துக்குப் போய்விட்டேன். வரிசையில் நின்று மேடையேறி அவன் கையைப் பிடித்தேன். “சாப்ட்டுத்தான் போகணும்” என்றான், எனக்கு முன்னால் வந்தவரிடம் சொன்ன அதே குரலில். போட்டோக்காரர் அடுத்தவரைக் கூப்பிட்டார். கீழே இறங்கி, தெரியாத இருவருக்கு நடுவே உட்கார்ந்து சாப்பிட்டேன்.