விமானத்தில் ஒட்டியிருந்த டொல்பின்கள்

யுத்தம் முடிந்து கற்பிட்டிக் கடற்கரைப் பக்கம் டொல்பின் பார்க்க வருபவர்களுக்கு விடுதிகள் முளைத்த காலத்தில், எங்கள் விடுதி முதலாளி இரண்டு பேர் ஏறும் குட்டி விமானம் ஒன்றை வாங்கினார். அதன் உடம்பெல்லாம் டொல்பின் ஸ்டிக்கர். பிறகு விடுதி நட்டப்பட்டு மூடப்பட்டது, விமானமும் விலைபோயிற்று. வாங்கியவருக்கு டொல்பின் பிடிக்காதாம். எல்லாவற்றையும் உரித்துத் தரச் சொன்னார். அங்கே மிஞ்சியிருந்தவன் காவல்காரனான நான் ஒருவன்தான். அப்படித்தான் நான் விமானத்துறையில் நுழைந்தேன்.

பெயின்ற் கீறுப்படும், கத்தி கூடாது என்றார்கள். என் நகமும் பழைய வங்கி அட்டை ஒன்றும்தான் கருவிகள். அந்த அட்டைக்கு அதுவரை வேறு வேலை இருந்ததில்லை.

வெயில் ஏறித் தகடு சூடானால் ஸ்டிக்கர் தானாக இளகும் என்பதை முதல் நாளே கண்டுபிடித்துவிட்டேன். அதனால் விடியற்குளிரில் மட்டும் வேலை செய்தேன். குளிரில் அது நகக்கண் அளவுத் துண்டுகளாகத்தான் உடையும். கடைசி டொல்பின் போனால் விமானம் போகும், நான் எத்தாளையில் இருக்கிற என் வீட்டுக்குப் போகவேண்டும். மனைவி குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் ஒரு அலுமாரியும்தான். விமானத்தோடு கதைத்தால் காற்றுக்காவது வாலை ஆட்டும். அலுமாரி அதுவும் செய்யாது.

பாண் விற்கும் ஓட்டோக்கார நானா மட்டும் காலையில் எட்டிப் பார்ப்பார். ஒரு நாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "அண்ணே, பகல்ல இழுத்தா வாழைத்தோல் மாதிரி வருமே," என்றார்.

"அப்பிடி இழுத்தா அதுக்கு நோகும், நானா."

அவர் சிரிக்கவில்லை. பணிஸ் ஒன்றைச் சும்மா தந்துவிட்டுப் போனார்.

பிறகு ஒரு மத்தியானம் முதலாளியும் வாங்கியவரும் லொறியோடு சொல்லாமல் வந்து நின்றார்கள். வாலில் ஒரேயொரு டொல்பின் பாக்கி. முதலாளி ஓரத்தை விரலால் கிளப்பி இழுத்தார். முழு மீனும் கையோடு வந்தது.

"இதுக்கா இவ்வளவு நாள்?"

"எனக்கு இப்பிடி வரேல்லை, ஐயா. முதலாளிட கை எண்டு பயந்து வந்திட்டுது."

லொறிக்காரன்கூடச் சிரித்தான். சிறகுகளைக் கழற்றி, பாயால் சுற்றி ஏற்றினார்கள். ஸ்டிக்கர் மூடியிருந்த, வெயில் படாத இடங்களில் விமானத்தின் நீலப் பெயின்ற் டொல்பின் வடிவிலேயே மங்காமல் இருந்தது. வாங்கியவர் கவனிக்கவில்லை.

பின்னேரம் எத்தாளைக்கு வந்து கதவைத் திறந்தேன். முதலாளியின் கைக்கு டொல்பின் பயந்த கதை நல்ல பகிடி. கேட்டால் மனைவி வயிறு நோகச் சிரிப்பாள். ஆனால் அவளுடைய எசமானி வெள்ளிக்கிழமைகளில்தான் போனைக் கையில் கொடுப்பாள்.

அன்று திங்கள்.