கான்டாக்டர் பெட்டியில் ஒரு பல்லி

இதை எழுத மூன்று வருடமாகத் தயங்கினேன்.

லேக் கார்டன்ஸில் எங்கள் சந்தின் விளக்குகளை ஏற்றும் காந்த ஸ்விட்ச் ஓர் இரும்புப் பெட்டிக்குள் இருக்கிறது. கான்டாக்டர் என்பார்கள். அதைப் போட வரும் ஒல்லியான மின்சார மிஸ்திரி, தினமும் துடைப்பக் குச்சியால் உள்ளே எதையோ துழாவுவார். அதுவரை சந்து இருட்டுதான். கோயிலிலிருந்து திரும்பிய என் மனைவி அந்த இருட்டில் விழுந்து கையை முறித்துக்கொண்டாள். மறுநாள் மாலை அவரிடம் கத்தினேன்.

"சூட்டுக்குப் பல்லி வந்து படுத்துக்குது, தாதா" என்றார், வங்காளிகள் அண்ணனை அழைக்கும் விதமாக. "பட்டனை அழுத்தினா காந்தம் இழுத்து அதை நசுக்கிடும்."

"அதுக்காக நாங்க விழணுமா?"

"அப்போ பூஜை பண்ற கையால நீங்களே போடுங்க" என்று விலகி நின்றார்.

பட்டனில் விரல் வைத்தேன், அழுத்த முடியவில்லை. குச்சியை வாங்கி நானும் துழாவினேன்.

அவர்மேல் எரிச்சல் இன்னும் தீரவில்லை. இதை யாருக்காவது சொன்னால், நான் கத்தியதையும் விடாமல் சொல்லுங்கள்.