படியிறங்கும் பயம்

மேலூர் பேருந்து நிலையத்துக்குள் வண்டி நுழைந்து, இன்னும் முழுதாக நிற்கவில்லை. கண்டக்டர்கள் எல்லோரும் செய்வதுபோல நானும் பின்படியிலிருந்து இறங்கினேன். இடது கால் தரையில் ஊன்றிவிட்டது; உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்றவருக்கும் கேட்டிருக்கும் என்று நினைத்தேன். அவர் பாட்டுக்குப் பையைத் தூக்கிக்கொண்டு போனார்.

மதுரைக்குத் திரும்புவதற்குள் கால் பேன்ட்டுக்குள் இறுகும் அளவுக்கு வீங்கியிருந்தது. டிரைவர் முருகேசன் அண்ணன்தான் தாங்கிப் பிடித்து இறக்கினார்.

ஸ்கேனில் முன் சிலுவைத் தசைநார் (முழங்காலுக்குள் மேலெலும்பையும் கீழெலும்பையும் குறுக்காக இழுத்துப் பிடித்திருக்கும் நார்) முழுதாக அறுந்திருந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து ஒரு நாரை எடுத்து அந்த இடத்தில் வைத்தார்கள்.

“கால் பழையபடி ஆயிருமா சார்?” என்று டாக்டரிடம் கேட்டேன்.

“ஆயிரும். மாசக்கணக்காகும். அவசரப்படாதீங்க. அதுக்காகச் சும்மாவும் இருந்திராதீங்க.”

அவசரமும் கூடாது, சும்மாவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே எப்படி இருப்பது என்பதுதான் எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. இதே அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்கும் இந்தக் குழப்பம் வரும்.

வலி பொறுக்கக்கூடியதுதான். மாத்திரை இருக்கிறது, ஐஸ் பை இருக்கிறது. ஆனால் முழங்காலை மடக்கும்போது வருகிற வலியில் ஒரு மிரட்டல் இருக்கும். இன்னும் கொஞ்சம் மடக்கினால் அறுந்துவிடும் என்று அது சொல்வதுபோல இருக்கும். தழும்புக்குப் பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் மரத்துப்போயிருந்தது. தொட்டால் வேறு யாருடைய காலையோ தொடுவதுபோல இருந்தது.

ஊன்றுகோலை விட்ட புதிதில், ஒருநாள் காலையில் குளியலறை ஈரத்தில் குதிகால் வழுக்கியது. அதுவரை மடங்காத அளவுக்கு முழங்கால் மடங்கி, உள்ளே மறுபடியும் ஒரு சத்தம். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் மனைவி செல்வி ஓடிவந்தாள்.

“போச்சு செல்வி. அறுந்துபோச்சு.”

கோச்சடையில் எங்கள் வீடு மாடியில். படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்தே இறங்கி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். டாக்டர் காலைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார்.

“நார் கெட்டியா இருக்கு. உள்ள ஒட்டிக்கிட்டிருந்த சதை பிரிஞ்ச சத்தம் அது. வீட்டுக்குப் போங்க.”

நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அன்றிலிருந்து தூங்கும்போதும் முழங்கால் பெல்ட்டைக் கழற்றவில்லை. பிசியோதெரபிக்கு (தசையைப் பழக்கும் பயிற்சிக்கு) இன்றைக்கு வலி, நாளைக்கு மழை என்று தள்ளிப்போட்டேன். கட்டிலிலிருந்து கழிப்பறை, கழிப்பறையிலிருந்து கட்டில்.

ஒருவழியாகப் போனபோது, பயிற்சி தரும் நந்தினி இரண்டு தொடைகளையும் சேர்த்து வைத்துக் காட்டினாள். இடது தொடை வற்றிப்போய், சதை தொளதொளவென்று இருந்தது.

“அண்ணே, இப்பிடிப் பொத்திப் பொத்தி வச்சா, நாளைக்கு நிசமாவே வழுக்குனா தாங்குறதுக்கு அங்க என்ன இருக்கு?”

அதைக் கேட்டபின்னும் வீட்டுக்கு வந்து கட்டிலில்தான் படுத்தேன்.

செல்விக்கு ஜவுளிக்கடையில் வேலை. அன்று மாலை அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் தண்ணீர் கேட்டேன்.

“நீங்களே எந்திரிச்சு எடுங்க.”

“கால்ல ஏதாச்சும் ஆயிட்டா?”

“ஆனா ஆகட்டும். எம்புட்டு நாளைக்குத்தான் நானே ஓடுறது? காலையிலருந்து நின்னுக்கிட்டே இருக்கேன். எனக்கும் காலுதாங்க இருக்கு, கட்டையா இருக்கு?”

சொல்லிவிட்டுச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். கணுக்கால்கள் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் குழிந்திருந்தது. ஒரே அறையில் இருந்தும் நான் அதைப் பார்த்திருக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். சொம்பை அவளிடம்தான் முதலில் நீட்டினேன். வாங்கிக் குடித்தாள்.

மறுநாள் முதல் படிப்பயிற்சி. ஏறுவது பரவாயில்லை, இறங்குவதுதான் பயம். அறுவை செய்த காலை மேல்படியிலேயே வைத்து அதை மெதுவாக மடக்கி, நல்ல காலைக் கீழே இறக்க வேண்டும். உடம்பின் பாரம் முழுவதையும் நான் நம்பாத அந்தக் காலிடம் கொடுக்க வேண்டும். முதல் நாள் கைப்பிடியைப் பிடித்து நின்று, வியர்த்து, திரும்ப மேலே வந்துவிட்டேன். பிறகு ஒருநாள் இறங்கினேன். தெருவில் நின்று மூச்சு வாங்கினேன். சந்தோஷம் என்று சொல்ல முடியாது, அசதியாக இருந்தது. மறுபடி மேலே ஏற வேண்டுமே என்றும் இருந்தது.

மாதங்கள் கழித்து, டாக்டர் அனுமதித்தபின் வேலைக்குத் திரும்பினேன். வண்டி ஓடும்போது நிற்பதே புதிதாக இருந்தது. ஒத்தக்கடை தாண்டி ஒரு மாடு குறுக்கே வர, முருகேசன் அண்ணன் பிரேக்கை அழுத்தினார். கூட்டம் முழுக்க என்மேல் சாய்ந்தது. இடது கால் தானாக ஊன்றி நின்றது.

“மாப்ள, காலு?” என்று கண்ணாடியில் பார்த்துக் கத்தினார்.

“இருக்குண்ணே.”

பயம் போகவில்லை. பயத்தோடு கால் நிற்கிறது, அவ்வளவுதான். முன்பெல்லாம் நிறுத்தம் வருவதற்குள் வண்டி முழுக்க ஓடி முடித்துவிடுவேன். இப்போது ஒரு கம்பியைப் பிடித்து, பாதத்தைப் பதித்து, அடுத்த கம்பிக்குக் கையை நீட்டுகிறேன். நிறுத்தங்கள் சீக்கிரம் வந்துவிடுகின்றன. முன்பக்கத்திலிருந்து ஒரு அம்மா டிக்கெட்டுக்குக் கூப்பிட்டார்.

“வாரேம்மா,” என்றேன். “கொஞ்சம் நேரமாகும்.”