எண்ணுக்குப் பின்னால் ஓர் ஆள்

போன வாரம் எங்கள் வீட்டில் நெட் போய்விட்டது. சரிபார்க்க வந்தவர் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, 'பிங்' என்று அடித்து ஓர் எண்ணையும் அடித்தார். வெள்ளை எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக, 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று விழத் தொடங்கியது. கேட்டோம், பதில் இல்லை, காத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டது என்று அர்த்தம். அவ்வளவுதான். ஆனால் நான் காப்பித் தம்ளரை அப்படியே வைத்துவிட்டு அடுக்களைக்குள் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சேச்சி, பேடிக்கண்டா, அடாப்டர் போயதா," என்று அவர் அங்கிருந்தே மலையாளத்தில் குரல் கொடுத்தார். பயப்பட வேண்டாம், அடாப்டர்தான் போயிருக்கிறது என்கிறார்.

நான் பயந்தது அவருக்கு எப்படித் தெரிந்ததோ. இத்தனை வருடமாக இணையத்தை வைத்தே சோறு தின்கிறவள், அந்த ஒரு வரியைக் கண்டால் இன்றும் அடுக்களைக்குள் ஓடுகிறேன் என்று வெளியே சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

அந்தக் கறுப்புத் திரைக்கு எனக்குள் ஒரு மணம் உண்டு. தேங்காயெண்ணெயில் நேந்திரங்காய் வறுபடும் மணம். என் முதல் வேலை திருவனந்தபுரம் பழவங்காடியில், ஒரு சிப்ஸ் கடைக்கு மேலே இருந்த சின்ன இணைய நிறுவனத்தில். ஏசி போட்ட அறைக்குள்ளும் அந்த மணம் எப்படியோ ஏறி வந்துவிடும். சாயங்காலம் வீட்டுக்குப் போகும் பாறசாலை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு என் பையைப் பார்ப்பார்கள்.

நான் அப்போது பயந்தாங்கொள்ளி. இப்போதும்தான், ஆனால் அப்போது மறைக்கத் தெரியாது. இடிக்குப் பயம், லிஃப்டுக்குப் பயம், மேனேஜரின் ஆங்கிலத்துக்குப் பயம். கீழே பிள்ளையார் கோயில் முன்னால் தேங்காய் உடைப்பார்கள். மடார் மடார் என்று நாள் முழுக்கச் சத்தம். நான் வேதக்கார வீட்டுப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள், அந்தச் சத்தத்துக்குப் பழக்கமில்லை. ஒவ்வொன்றுக்கும் தூக்கிவாரிப்போடும். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த பிந்து கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அவளுக்கும் என்னைப்போல் வேலை தெரியாது. இருவரும் ஒரு தடித்த புத்தகத்தை நடுவில் வைத்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல இணையத்தைப் படித்துக்கொண்டிருந்தோம்.

அந்தப் புத்தகத்திலிருந்து எனக்குப் பிடிபட்டது இதுதான். இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் ஓர் எண் உண்டு. ஐபி முகவரி. நமக்கு எண் மனதில் நிற்காது என்பதால் அதற்கு ஒரு பெயரும் வைத்தார்கள். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தருவதற்கென்றே சில இயந்திரங்கள் உண்டு, அந்த ஏற்பாட்டுக்குப் பெயர் டிஎன்எஸ். நாம் அனுப்புவது எதுவும் முழுசாகப் போவதில்லை. துண்டு துண்டாக, பாக்கெட் பாக்கெட்டாகப் போகிறது. வழியில் இருக்கும் ரூட்டர்கள் என்னும் சந்திப்புகள், வழி கேட்டவனைக் கைகாட்டி அனுப்புவதுபோல, ஒவ்வொரு துண்டையும் அடுத்த சந்திப்புக்குத் தள்ளிவிடும். ஒவ்வொரு துண்டின் நெற்றியிலும் ஒரு வாழ்நாள் எழுதியிருக்கும். சந்திப்பு ஒன்றைக் கடக்கும்தோறும் அதில் ஒன்று குறையும். பூஜ்யமானால் துண்டு அங்கேயே கைவிடப்படும். இல்லையென்றால் வழி தவறியவை காலம் முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்குமாம். இதைப் படித்த அன்று பஸ்ஸில் வீடு போய்ச் சேரும்வரை எனக்கு மனசு சரியில்லை. பிந்துவிடம் சொன்னால் சிரிப்பாள் என்று சொல்லவில்லை.

என் அக்கா லில்லியின் கணவர் தாஸ் அத்தான் அப்போது வளைகுடாவில், உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவர்களுடைய மெயில் சர்வர் அத்தானின் மேசைக்கடியிலேயே இருந்தது. அதன் எண்ணை ஒருமுறை பெருமையாக எனக்கு எழுதியிருந்தார். 'எனக்க காலுக்கிட்ட கிடக்குது பாரு, நெட்டு' என்று.

பக்கத்து நாட்டில் சண்டை மூண்டு, அத்தான் இருந்த ஊரிலும் ஏவுகணைகள் விழுகின்றன என்று டிவியில் சொன்ன அன்று, காலை பத்து மணிக்கெல்லாம் அக்கா எங்கள் ஆபீஸ் மாடிப்படியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். இடுப்பில் பிள்ளை. பிள்ளைக்கு மேல் காய்ச்சலில் கொதிக்கிறது. போன் போட்டால் 'இந்தத் தடத்தில் எல்லா இணைப்புகளும் உபயோகத்தில் உள்ளன' என்று ஒரு பெண்குரல் விடாமல் சொல்லிக்கொண்டிருந்ததாம். நாடு முழுக்க ஒரே நேரத்தில் போனைத் தூக்கினால் அப்படித்தான் ஆகும்.

"நீ நெட்டுலதானே இருக்க? அவிய இருக்காவளாண்ணு பாரு பிள்ளே," என்றாள்.

நான் அந்த எண்ணைப் பிங் செய்தேன். கடலுக்கடியில் ஓடும் கப்பல்கள் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காது கொடுக்குமே, அந்தச் சத்தத்தின் பெயர்தான் இதற்கும். 'இருக்கிறாயா' என்று ஒரு துண்டு போகும். 'இருக்கிறேன்' என்று ஒரு துண்டு வரும். வந்தது. ஒன்றன்கீழ் ஒன்றாகப் பதில் வந்தது.

"இருக்குதுக்கா," என்று நான் துள்ளினேன். இருப்பது மேசைக்கடியில் உள்ள பெட்டி, ஆளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அக்கா அதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரைமுன் உட்கார்ந்து, ஜெபம் சொல்வதுபோல உதட்டை அசைக்க ஆரம்பித்திருந்தாள். "வருது. வருது. வருது." அதை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. பிந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு போய் நெற்றியில் ஈரத்துணி போட்டாள்.

கீழே மடார் என்று ஒரு தேங்காய். அக்கா இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.

அவள் கையை எடுத்தபோது திரையில் வரி மாறியிருந்தது. ரிக்வெஸ்ட் டைம்டு அவுட். அதற்குக் கீழேயும் அதுவே. அதற்குக் கீழேயும்.

"ஏன் நின்னுட்டு? ஏய், ஏன் நின்னுட்டுண்ணு கேக்கேன்!"

வழியில் எங்கே நிற்கிறது என்று பார்க்க ஒரு தந்திரம் உண்டு. வாழ்நாள் ஒன்று என்று எழுதி ஒரு துண்டை அனுப்பினால் அது முதல் சந்திப்பில் சாகும், அந்தச் சந்திப்பு 'இங்கே செத்தது' என்று நமக்குச் சொல்லும். இரண்டு என்று எழுதினால் இரண்டாவது சந்திப்பு சொல்லும். இப்படியே வழி முழுவதையும் தடவிப் பார்க்கலாம். அடித்தேன். திருவனந்தபுரம் வந்தது. மும்பை வந்தது. கடல் தாண்டியது. அத்தானின் நாட்டுக்குள் நுழைந்தது. அவருடைய ஊரின் சந்திப்பும் பதில் சொன்னது. அதற்கப்புறம் வெறும் நட்சத்திரக் குறிகள், பதில் இல்லை என்று அர்த்தம்.

நானும் பிந்துவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். வழியில் எங்காவது அறுந்திருந்தால் நல்லது. கடலுக்கடியில் கேபிள் போயிற்று என்று சொல்லி அக்காவை வீட்டுக்கு அனுப்பலாம். இது அப்படியல்ல. நாடு இருக்கிறது, ஊர் இருக்கிறது, அத்தானின் ஆபீஸ் மட்டும்தான் இல்லை. பிந்து மெதுவாக, "கரண்டு போயதாயிரிக்கும்," என்றாள். அவள் சொன்னதில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

"இந்த நெட்டுக்கெல்லாம் பெரியவரு யாரு?" என்று அக்கா கேட்டாள். "ஒருத்தரு இருப்பாரில்லா? அவருகிட்ட கேளு."

யாரும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்? பெயர்களை மேற்பார்வை பார்க்க எங்கோ ஓர் அமைப்பு உண்டு. எண்களைப் பிரித்துக் கொடுக்கக் கண்டத்துக்கு ஒன்றாகச் சில அமைப்புகள் உண்டு. இயந்திரங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பேசவேண்டும் என்ற நெறிமுறைகளை எழுதுவது பொறியாளர்கள் கூடும் ஒரு கூட்டம். அவர்கள் அதைச் சட்டம் என்றுகூடச் சொல்வதில்லை, 'கருத்துகள் வேண்டப்படுகின்றன' என்று தலைப்புப் போடுகிறார்கள். கூட்டத்தில் ஓட்டெடுப்பு கிடையாதாம். சம்மதம் என்றால் தொண்டைக்குள் 'ம்ம்ம்' என்று முனக வேண்டும், எந்தப் பக்கம் முனகல் அதிகம் என்று பார்ப்பார்களாம். புத்தகத்தில் இதைப் படித்தபோது நானும் பிந்துவும் முனகி முனகிச் சிரித்திருக்கிறோம். அன்று அதை நினைத்தபோது, கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டைமாடியில் நிற்பது போலிருந்தது. இவ்வளவு பெரிய ஒன்றுக்குப் போய் முறையிட ஒரு வாசல் கிடையாது.

வாசல் இல்லை. ஆனால் ஒரு பதிவேடு இருந்தது. இணையத்தில் ஒரு பெயர் வாங்குகிறவர், தொழில்நுட்பப் பொறுப்பு யாருக்கு என்று ஓர் ஆளின் பெயர், தொலைபேசி, மின்னஞ்சல் எல்லாம் கொடுக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். 'ஹூ இஸ்' என்றே அதற்குப் பெயர். யார் இது? அத்தானின் கம்பெனிப் பெயரை அடித்தேன். பொறுப்பாளர் இடத்தில் 'சமீர்' என்று இருந்தது. அந்த ஊரில் இணைய இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் பொறியாளர். அவர் மின்னஞ்சல் அத்தானின் மேசைக்கடிப் பெட்டியில் இல்லை, வேறு இடத்தில் இருந்தது.

என் ஆங்கிலம் இன்றும் சுமார்தான். அன்று இன்னும் மோசம். 'ஐயா, என் அக்காவின் கணவர் தாஸ் இந்த ஆபீசில் இருக்கிறார். இந்த எண் பதில் சொல்லவில்லை. அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தயவுசெய்து' என்று எழுதினேன். தயவுசெய்து என்ன என்று எழுதத் தெரியவில்லை. அப்படியே அனுப்பினேன்.

மின்னஞ்சலுக்கும் ஒரு நெறிமுறை உண்டு. இரண்டு இயந்திரங்களும் முதலில் ஹலோ சொல்லி, பெயர் சொல்லி, பிறகுதான் கடிதத்தை நீட்டும். மறுபக்கம் கதவு திறக்கவில்லையென்றால் திரும்பி வந்துவிடாது. வரிசையில் நின்று, கொஞ்சம் பொறுத்து மறுபடி தட்டும், நாள்கணக்கில் தட்டும். என் கடிதம் வரிசையில் நின்றது. பிந்து பார்த்தாள், நிற்கிறது. நான் பார்த்தேன், நிற்கிறது. மத்தியானம் பார்த்தபோது வரிசை காலி. மறுபக்கம் வாங்கிக்கொண்டது.

"வாங்கியாச்சுக்கா," என்றேன்.

"யாரு?"

"சமீருண்ணு ஒருத்தரு."

"அவரு யாரு?"

"தெரியாதுக்கா."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிந்துவிடமிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு எழுந்தாள்.

சாயங்காலம், நாங்கள் பிள்ளையை டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்பி வந்தபோது, சமீரின் பதில் வந்திருந்தது. என்னைவிட மோசமான ஆங்கிலம். 'அந்தத் தெருவில் மின்சாரம் இல்லை. போனும் எடுக்கவில்லை. அதனால் நேரில் போனேன். தாமதத்துக்கு மன்னிக்கவும், வழியில் சைரன் ஊதியது, ஒரு படிக்கட்டுக்கடியில் உட்கார வேண்டியதாயிற்று. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் எல்லோரும் இருக்கிறார்கள். திரு. தாஸ் நலம். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று கேட்கச் சொன்னார்.'

கடைசி வரியை நான் வாசித்ததும் அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டாள். முந்தைய நாள் போனில்தான் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அத்தானிடம் சொல்லியிருந்தாளாம். அந்த ஊரில் அது அவரைத் தவிர வேறு யாருக்குத் தெரியும்? பிந்து மலையாளத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே அழுதாள். நான் அழவில்லை. கடிதத்தை மறுபடி முதலிலிருந்து வாசித்தேன். பிங்குக்கு வந்த பதில் எந்திரத்தின் பதில். இது ஒரு மனிதர் குண்டு விழும் தெருவில் நடந்து போய்க் கொண்டுவந்த பதில். யாருக்காக? தயவுசெய்து என்ன என்றுகூட எழுதத் தெரியாத ஒருத்திக்காக.

விமானங்கள் ஓடத் தொடங்கியதும் அத்தான் இளைத்துப்போய் வந்து சேர்ந்தார். "ஒல்லியா ஒரு மனுசன், சட்டை முழுக்கப் புழுதி," என்றார். "வந்து, தாஸ் யாருண்ணு கேட்டான். உனக்க கொழுந்தியா கேக்காண்ணு சொன்னான். நான் கனவுண்ணுல்லா நெனச்சேன்!"

சமீருக்கும் எனக்கும் பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து போய்வந்துகொண்டிருந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு நான் அனுப்பியது திரும்பி வந்தது. அப்படி ஒரு பெயரே இல்லை என்றது டிஎன்எஸ். அவருடைய கம்பெனி போய்விட்டது. அவரும் அதோடு எங்கோ.

அந்தப் பதிவேடும் இப்போது அப்படி இல்லை. அதிலிருந்து பெயர்களை அள்ளிக்கொண்டுபோய் மோசடிக்காரர்களும் விளம்பரக்காரர்களும் படுத்திய பாட்டில், விதிகளை மாற்றினார்கள். மாற்றியது சரிதான். இன்று பெரும்பாலான பெயர்களைத் தேடினால் ஆள் இருக்க வேண்டிய இடத்தில் 'தனியுரிமைக்காக மறைக்கப்பட்டுள்ளது' என்று இருக்கும். கீழே ஒரு படிவம். நிரப்பினால் அது யாருக்குப் போகிறது என்று தெரியாது.

நான் சொந்தமாகச் சின்ன நிறுவனம் ஆரம்பித்து அதற்கு இணையத்தில் ஒரு பெயர் வாங்கினபோது, உங்கள் விவரம் வெளியே தெரியட்டுமா என்று திரை கேட்டது. கண்ட நேரத்தில் கண்டவர்கள் கூப்பிடுவதை நினைத்தேன். பெண்பிள்ளையின் போன் நம்பர் ஊருக்கெல்லாம் கிடைப்பதை நினைத்தேன். பயமாக இருந்தது. வேண்டாம் என்று அழுத்தினேன்.

சமீர் தன் பெயரையும் எண்ணையும் உலகத்துக்கே தெரியும்படி போட்டுவைத்திருந்தார். அவருக்கும் பயம் இருந்திருக்கும்.